காதலும் ஒரு துப்புதான்

துப்பறியும் கதையில் காதலுக்கு இடமில்லை என்ற கருத்துக்கு வயது நூறை நெருங்குகிறது. கொலை, தடயம், சந்தேகம், விடை என்று நேர்கோட்டில் போக வேண்டிய கதையைக் காதல் வழிமறித்து நிறுத்திவிடும் என்பது அதன் சாரம். அந்தக் காதல் இரண்டு ஆண்களுக்கு இடையில் என்றால் முகச்சுளிப்பு இன்னும் கூடும். காலத்தின் மோஸ்தர், விற்பனைத் தந்திரம், கதை வேடம் போட்ட பிரசாரம் என்று மூன்று முத்திரைகள் தயாராக இருக்கின்றன. ஆங்கிலத்தில் இன்று ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்ட கதைகள் இந்த முத்திரைகளுக்கு அடிக்கடி இலக்காகின்றன. தன்பாலீர்ப்புள்ள துப்பறிவாளர் ஒருவர், பல ஆண்டுகளாகத் துலங்காமல் கிடப்பில் போன ஒரு கொலை வழக்கு, அந்த வழக்கைத் தோண்டத் தோண்ட அவருக்கும் இன்னொரு ஆணுக்கும் இடையே வளரும் காதல்: இதுதான் அந்த வகையின் அச்சு. இதில் வழக்குதான் சோறு, காதல் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய் என்பது பரவலான எண்ணம். அந்த எண்ணம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். இவ்வகைக் கதை சரியாக எழுதப்படும்போது வழக்கின் பூட்டைத் திறக்கும் சாவியே காதல்தான். காரணம் கற்பனையில் இல்லை. இத்தகைய கொலைகள் நிஜத்தில் ஏன் துலங்காமல் போயின என்பதில் இருக்கிறது.

முதலில் அந்தப் பழைய விதியின் பூர்வீகத்தைப் பார்த்துவிடலாம். 1928-இல் அமெரிக்க எழுத்தாளர் எஸ்.எஸ். வான் டைன் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் வகுத்தார். காதல் விவகாரம் கூடாது என்பது அதில் மூன்றாவது. அதே ஆண்டு டோரதி செயர்ஸும் தாம் தொகுத்த கதைத் தொகுதியின் முன்னுரையில் ஏறத்தாழ இதையே சொன்னார். ஆனால் செயர்ஸ் அங்கேயே நின்றுவிடவில்லை. இரண்டே ஆண்டுகளில் அவர் எழுதிய 'ஸ்ட்ராங் பாய்சன்' நாவலில், காதலனுக்கு ஆர்சனிக் கொடுத்ததாகக் குற்றக்கூண்டில் நிற்கும் ஹாரியட் வேன் மீது துப்பறிவாளர் லார்டு பீட்டர் விம்ஸி காதல் கொள்கிறார். அவள் குற்றமற்றவள் என்று அவர் நம்புவதால்தான் விசாரணையே தொடங்குகிறது. 1937-இல் வந்த 'பஸ்மன்ஸ் ஹனிமூன்' நாவலுக்கு, துப்பறிதல் இடையிடையே குறுக்கிடும் காதல் கதை என்ற பொருளில் செயர்ஸே துணைத்தலைப்பு வைத்தார். இன்னும் பின்னோக்கிப் போனால் 1868-இல் வில்கி காலின்ஸ் எழுதிய 'மூன்ஸ்டோன்' நிற்கிறது. ஆங்கிலத்தின் முதல் முழுநீளத் துப்பறியும் நாவல்களில் ஒன்றாகப் பலரும் அதைக் கருதுகிறார்கள். வைரத்தை எடுத்தது யார் என்று ரேச்சல் கண்ணாரக் கண்டிருக்கிறாள். எடுத்தவனைக் காதலிப்பதால் வாய் திறக்க மறுக்கிறாள். கைதேர்ந்த துப்பறிவாளரான சார்ஜன்ட் கஃப் அந்த மௌனத்தை வைத்து வைரத்தை அவளே மறைத்துவிட்டாள் என்று முடிவு கட்டுகிறார், தோற்கிறார். காதலின் மௌனத்தைக் குற்றத்தின் மௌனம் என்று எண்ணியதால் வந்த தோல்வி அது. ஆக, இந்தக் கதை மரபு பிறந்தபோதே காதல் புதிரின் உள்ளே இருந்தது. அதை வெளியேற்றும் சட்டம் பிறகு வந்தது. அந்தச் சட்டத்துக்கு ஆதரவாகப் பேசியவர்களில் சிறந்தவரே முதலில் அதை மீறினார்.

தமிழ் வாசகருக்கு இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு இந்திரா இருந்தாள். ராஜேஷ்குமாரின் விவேக்குக்கு ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்துக்கு சுசீலா, சுபாவின் நரேனுக்கு வைஜயந்தி. எண்பதுகளில் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களை வாங்கிய லட்சக்கணக்கானோரில், பரத்தும் சுசீலாவும் சீண்டிக்கொள்வதால் கொலைப் புதிர் நீர்த்துவிட்டது என்று புகார் சொன்னவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தச் சீண்டலுக்காகவே புத்தகம் வாங்கியவர்கள் உண்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்து துப்பறியும்போது காதலைக் கதையின் ருசி என்கிறோம். இரண்டு ஆண்கள் சேர்ந்து துப்பறியும்போது அதையே திணிப்பு என்கிறோம். விதி ஒன்றாக இருந்தால் எல்லோருக்கும் பொருந்த வேண்டும். ஒருவருக்கு மட்டும் பொருந்துகிற விதியைக் கலைக்கொள்கை என்று சொல்லிக்கொள்வதில் நேர்மை இல்லை. ஆனால் இரட்டை அளவுகோலைச் சுட்டிக்காட்டுவதோடு வாதம் முடிந்துவிடாது. பரத்–சுசீலா காதலை நீக்கினாலும் பெரும்பாலான கதைகளில் கொலைகாரன் பிடிபட்டுவிடுவான். நான் பேசும் வகையில் காதலை நீக்கினால் கொலைகாரன் பிடிபட மாட்டான் என்பதே என் கட்சி. அதை நிறுவ வேண்டுமானால் ஒரு வழக்கு எப்படிக் கிடப்புக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

கொலை வழக்கு ஒன்று வந்ததும் காவல் துறை கேட்கும் முதல் கேள்விகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். செத்தவர் யாருடன் வாழ்ந்தார், கடைசியாக யாருடன் இருந்தார், அந்த இடத்துக்கு எதற்குப் போனார், அவர் சாவதால் யாருக்கு லாபம்? நான்குமே உறவைப் பற்றிய கேள்விகள். கணவன், மனைவி, மைத்துனன், பங்காளி, கடன்காரன் என்று ஊர் ஒப்புக்கொண்ட உறவாக இருந்தால் பதில் வாசல் தேடி வரும். அக்கம்பக்கத்தார் கேட்காமலே சொல்வார்கள். உறவே சட்டப்படி குற்றம் என்றால் என்ன ஆகும்? செத்தவரைக் கடைசியாகக் கண்டவன் சாட்சி சொல்ல வந்தால் தன் மீதே குற்றம் சுமத்திக்கொள்ள வேண்டும். அவன் வரமாட்டான். கூட வாழ்ந்தவன் கேஸ் கட்டில் 'அறை நண்பர்' ஆகிவிடுவான். வீட்டார் மானத்துக்கு அஞ்சி விபத்து, தற்கொலை என்ற முடிவை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்வார்கள். விசாரிக்கும் அதிகாரிக்கோ அந்த வாழ்க்கையின் இடங்கள் தெரியாது, பழக்கங்கள் தெரியாது, தெரிந்துகொள்ளும் விருப்பமும் இருக்காது. தடயம் இல்லாததால் வழக்கு ஆறிப்போவது ஒரு ரகம். கண்ணெதிரே தடயம் கிடந்தும் அதைப் படிக்கத் தெரியாததால் ஆறிப்போவது இன்னொரு ரகம். நம் கதை வகை இரண்டாவது ரகத்தின் மீது எழுந்தது.

ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு வழக்கு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. ஸ்காட் ஜான்சன் 27 வயது அமெரிக்கர். கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவர். 1988 டிசம்பரில் சிட்னியின் வடக்கே, மேன்லிக்கு அருகில் உள்ள நார்த் ஹெட் குன்றின் அடியில் அவருடைய உடல் நிர்வாணமாகக் கிடந்தது. துணிகள் குன்றின் மேலே மடித்து வைக்கப்பட்டிருந்தன. மடித்து வைத்த துணி தற்கொலையின் அடையாளம் என்று காவல் துறை முடிவு கட்டியது. 1989-இல் மரண விசாரணை நீதிமன்றமும் அதை ஏற்றது. அதே துணியை வேறு விதமாகப் படிக்கலாம். அந்தக் குன்றின் மேற்பகுதி ஆண்கள் ஆண்களைச் சந்திக்க வந்த இடம். அது தெரிந்தவருக்கு மடித்து வைத்த துணி தற்கொலையைச் சொல்லாது. அங்கே இன்னொருவர் இருந்திருக்கக் கூடும் என்பதையே சொல்லும். அப்படிப்பட்ட இடமே அல்ல அது என்று அப்போது காவல் துறை சாதித்தது. ஸ்காட்டின் அண்ணன் அந்த முடிவை ஏற்கவில்லை. 2007-இல் டேனியல் கிளிக் என்ற பத்திரிகையாளரைக் கொண்டு விசாரிக்க வைத்தார். ஆண்டுக்கணக்காக அதிகாரிகளோடு மல்லுக்கட்டினார். 2012-இல் இரண்டாவது மரண விசாரணை தற்கொலை முடிவை ரத்து செய்தது. தன்பாலீர்ப்பாளர் என்று கருதி நடத்தப்பட்ட தாக்குதலால் விளைந்த மரணம் என்று 2017-இல் மூன்றாவது விசாரணை கண்டது. 2020-இல் ஒருவர் கைதானார். 2023-இல் கொலைக்குச் சமமாகாத மரணக் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். முப்பத்தைந்து ஆண்டுகளில் புதிதாகக் கிடைத்த தடயங்களைவிட, பழைய தடயத்தைப் படிக்கும் கண் மாறியதே வழக்கைத் திருப்பியது.

இது தனி நிகழ்வு என்று தள்ளிவிட முடியாது. அதே சிட்னியில், பாண்டை கடற்கரைக்குப் பக்கத்தில் உள்ள மார்க்ஸ் பார்க்கில் 1989-இல் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர் ராஸ் வாரன் காணாமல் போனார். அவருடைய காரையும், பிறகு பாறையிடுக்கில் கிடந்த சாவியையும் கண்டெடுத்தவர்கள் அவருடைய நண்பர்கள். தவறிக் கடலில் விழுந்திருப்பார் என்று சில நாட்களில் காவல் துறை கோப்பை மூடியது. சில மாதங்களில் அதே பூங்காவின் குன்றடியில் இன்னொருவரின் சடலம் கிடந்தது; அவர் கையில் ஒட்டியிருந்த தலைமயிர்களைக் காவல் துறை தொலைத்துவிட்டது. மகனின் கதி தெரியாத வாரனின் தாய் விடாமல் எழுதிய கடிதங்கள், பத்தாண்டுகளுக்குப் பிறகு ஸ்டீபன் பேஜ் என்ற துப்பறிவாளரின் மேசைக்கு வந்தன. 'ஆபரேஷன் டாரடேல்' என்ற பெயரில் அவர் நடத்திய மறுவிசாரணையின் பேரில், இவை கொலைகள் என்று 2005-இல் மரண விசாரணை நீதிபதி ஜாக்குலின் மில்லெட்ஜ் தீர்ப்பளித்தார். முதல் விசாரணையையும் கடுமையாகச் சாடினார். பின்னர் 1976 முதல் 2000 வரையிலான 88 மரணங்களைக் காவல் துறையே மறுஆய்வு செய்தது. அதுவும் போதாதென்று நீதிபதி ஜான் சாக்கர் தலைமையில் சிறப்பு விசாரணை ஆணையம் அமைந்து 2023 டிசம்பரில் அறிக்கை தந்தது. நியூ சவுத் வேல்ஸில் ஆண்களுக்கிடையிலான உறவு குற்றப்பட்டியலிலிருந்து நீங்கியது 1984-இல். சட்டம் மாறி ஐந்தாண்டு ஆன பிறகும் கோப்பு எழுதிய கை மாறவில்லை.

டொரோண்டோவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அதில் ஈழத்தமிழர் இருவரின் உயிர் போயிருக்கிறது. 2010 முதல் 2017 வரை எட்டு ஆண்களைக் கொன்றதாக புரூஸ் மக்ஆர்தர் 2019 ஜனவரியில் ஒப்புக்கொண்டான். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் தெற்காசியாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்தவர்கள்; அந்நகரின் தன்பாலீர்ப்பாளர் பகுதியோடு தொடர்புடையவர்களும் பலர். முதல் மூவர் காணாமல் போனது குறித்து 2012-இல் தொடங்கிய விசாரணை பயனின்றி 2014-இல் மூடப்பட்டது. அதற்கிடையே 2013-இல் மக்ஆர்தரையே சாட்சியாக அழைத்து விசாரித்து அனுப்பியும் இருந்தார்கள். ஈழத்தமிழர் இருவரில் ஒருவர் 2010-இல் 492 பேரை ஏற்றி வந்த 'சன் ஸீ' கப்பலில் வந்த அகதி. கோரிக்கை நிராகரிக்கப்பட்டதால் நாடு கடத்தலுக்கு அஞ்சித் தலைமறைவாக இருக்கிறார் என்று உறவினர் நினைத்தார்கள். காணவில்லை என்ற புகார்கூடப் பதிவாகவில்லை. 2017 கோடையில் நண்பர்கள் நிறைந்த ஒருவர் காணாமல் போனபோது அந்த நண்பர்கள் தெருத்தெருவாகத் தேடினார்கள். காணாமல் போன நாளில் அவர் நாட்காட்டியில் எழுதியிருந்த 'புரூஸ்' என்ற ஒற்றைப் பெயர் வழக்கின் நூலாயிற்று. தொடர்கொலையாளி இருப்பதற்குச் சான்றில்லை என்று அந்த டிசம்பரில் காவல் துறைத் தலைவர் அறிவித்தார். ஜனவரியில் மக்ஆர்தர் கைதானான். முன்னாள் நீதிபதி குளோரியா எப்ஸ்டீன் 2021-இல் அளித்த அறிக்கை, காணாமல் போனவர்களின் வழக்குகளில் காவல் துறை காட்டிய பாரபட்சத்தை விரிவாகப் பதிவு செய்தது. மூன்று வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே உண்மை மிஞ்சுகிறது. அன்பு வைத்தவர் தேடிய இடத்தில் துப்பு கிடைத்தது. அன்பைக் கணக்கில் எடுக்காத இடத்தில் கோப்பு மூடப்பட்டது.

இப்போது கதைக்கு வருவோம். இந்த உண்மையைப் புனைவில் முதலில் முழுமையாகப் பிடித்தவர்களில் ஒருவர் ஜோசப் ஹான்சன். 1966-இலேயே ஜார்ஜ் பாக்ஸ்ட் ஒரு தன்பாலீர்ப்புத் துப்பறிவாளரைப் படைத்துவிட்டார். ஆனால் 1970-இல் வெளிவந்த ஹான்சனின் 'ஃபேட்அவுட்' வேறு தளத்தில் நின்றது. அவருடைய நாயகன் டேவ் பிராண்ட்ஸ்டெட்டர் காவலரும் இல்லை, துப்பாக்கி ஏந்திய தனியார் துப்பறிவாளரும் இல்லை. கலிஃபோர்னியாவில் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக இறப்புக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பவர். இந்தத் தொழில் தேர்வின் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். செத்தவரின் பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதுதான் காப்பீட்டின் ஒரே கேள்வி; அதாவது, செத்தவருக்கு உண்மையில் உறவு யார் என்பது. ஏட்டில் எழுதிய உறவுக்கும் வாழ்ந்த உறவுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளப்பதே டேவின் பிழைப்பு. நாவல் தொடங்கும்போது இருபது ஆண்டுகளுக்கு மேல் கூட வாழ்ந்த துணைவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தில் இருக்கிறார். உலகம் அந்தத் துக்கத்தை ஒரு மனைவியை இழந்தவனின் துக்கமாக எண்ணாது. ஆகவே, காணாமல் போன ஒரு பாடகரின் வாழ்க்கையில் ஊர் பார்க்கத் தவறிய பழைய பிணைப்பை டேவ் பார்க்க முடிகிறது. வழக்கு முடியும்போது டேவின் வாழ்க்கையில் புதிய துணைக்கு இடம் பிறக்கிறது. இரண்டும் அருகருகே ஓடும் தனித்தனிக் கதைகள் என்று சொல்ல வழியே இல்லை. துக்கம்தான் கண்ணைத் திறந்தது, கண் துப்பைக் கண்டது, துப்பு புதிய உறவுக்குக் கொண்டுபோனது. 1991 வரை பன்னிரண்டு நாவல்களாக இந்தத் தொடர் நீண்டது. கலிஃபோர்னியாவில் இத்தகைய உறவைக் குற்றமாக்கிய சட்டம் நீங்கி 1976-இல்தான் மாற்றம் நடைமுறைக்கு வந்தது என்பதையும் நினைத்துக்கொண்டால், 1970-இல் இதை அச்சிடத் துணிந்தது மோஸ்தரைப் பின்பற்றிய செயல் ஆகாது.

இங்கிலாந்தில் 1961-இல் வந்த 'விக்டிம்' திரைப்படத்தின் கட்டமைப்பும் இதுவே. டிர்க் போகார்ட் நடித்த வழக்கறிஞர், தம் பெயரைக் காப்பாற்றுவதற்காகக் காவல் நிலையத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட ஓர் இளைஞனின் பொருட்டு மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலைத் தேடிப் போகிறார். சாட்சி சொன்னால் தம் தொழிலும் மானமும் போகும். புதிர் விடுபடுவதும் அவர் தம்மை வெளிப்படுத்திக்கொள்வதும் ஒரே செயல். நம் காலத்துக்கு வந்தால், ஜாஷ் லேனியன் 2000-இல் தொடங்கிய ஏட்ரியன் இங்கிலிஷ் தொடர் இருக்கிறது. பசடீனாவில் துப்பறியும் நூல்கள் விற்கும் கடைக்காரர் ஏட்ரியன்; லாஸ் ஏஞ்சலிஸ் காவல் துறையில் தன் ஈர்ப்பை மறைத்து வாழும் துப்பறிவாளர் ஜேக். மறைக்கப்பட்டதை வெளிக்கொணர்வதே ஜேக்கின் வேலை. தன்னை மறைப்பதே ஜேக்கின் வாழ்க்கை. ஐந்தாவது நாவலான 'த டார்க் டைட்'-இல் கடையின் தரைப்பலகைக்கு அடியில் அரை நூற்றாண்டுக்கு முந்தைய எலும்புக்கூடு அகப்படும்போது, அதைத் தோண்டும் இருவருக்கும் இடையே தோண்டப்பட வேண்டிய பழைய கணக்கு ஒன்று ஏற்கெனவே கிடக்கிறது. பழைய வழக்கு ஏன் இந்த வகைக்கு இத்தனை பொருத்தம் என்பது இங்கே தெளிவாகிறது. கொலை நடந்த காலத்தில் பேச முடியாமல் போனதை இன்றைய காலத்தில் பேச முடிகிறது. இரு காலங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து காட்டுவது துப்பறிபவர்களின் காதல்தான். அன்று அப்படி ஒரு காதல் வாழ முடியாமல் போனதே கொலைக்கோ, கொலை மறைக்கப்பட்டதற்கோ காரணமாக இருக்கும்.

எதிர்வாதங்களில் வலுவானது அறம் சார்ந்தது. காதல் கதை இன்ப முடிவைக் கேட்கும். கொலை துக்கத்தைக் கேட்கும். செத்தவரின் துயரத்தின் மேல் இரண்டு பேரின் கல்யாணப் பந்தலைப் போடுவது இழிவு என்கிறார்கள். கவனத்துக்குரிய ஆட்சேபம்தான். ஆனால் இன்ப முடிவு என்பது இந்த உறவைப் பொறுத்தவரை எளிதாகக் கிடைத்த சலுகை இல்லை. ஈ.எம். ஃபார்ஸ்டர் 1913–14-இல் எழுதிய 'மாரிஸ்' நாவல் அவர் இறந்த பிறகு 1971-இல்தான் வெளிவந்தது. காதலர்கள் பிரியாமல் சேர்ந்து வாழ வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அந்த முடிவே நூலை வெளியிடுவதற்கு இடைஞ்சல் என்றும் அறிந்திருந்தார். ஒருவன் தூக்கில் தொங்கியிருந்தால் சமூகம் பொறுத்துக்கொண்டிருக்கும், வாழ்ந்ததைப் பொறுக்கவில்லை. அமெரிக்கத் திரையுலகை முப்பதுகளிலிருந்து அறுபதுகள் வரை ஆண்ட ஹேஸ் தணிக்கை விதிகள் இத்தகைய உறவைக் காட்டவே தடை விதித்திருந்தன. தடையை மீறி எட்டிப்பார்த்தவர்கள் பெரும்பாலும் கொலைகாரர்களாகவோ பிணமாகவோதான் வந்தார்கள். குற்றக்கதைக்குள் தன்பாலீர்ப்பாளர் எப்போதும் இருந்திருக்கிறார். பிணமாக, மிரட்டப்படுபவராக, கொலையாளியாக. விசாரிப்பவராகவும் கடைசிவரை உயிரோடு இருப்பவராகவும் அவரை மாற்றியதே இவ்வகையின் சாதனை. இழந்ததைக் கணக்கெடுக்க உயிரோடு ஒருவர் இருக்க வேண்டும். அவர் மகிழ்ச்சியாக இருப்பது செத்தவருக்குச் செய்யும் அவமரியாதை என்று சொல்பவர்கள், ஆண்–பெண் துப்பறியும் கதைகளின் கடைசி அத்தியாயக் கல்யாணங்களுக்கும் அதே நியாயத்தை நீட்டட்டும்.

இரண்டாவது ஆட்சேபம் நடைமுறை சார்ந்தது. திறமையான அதிகாரி யாராக இருந்தாலும் இந்த வழக்குகளைத் துலக்கலாமே, துப்பறிபவரும் தன்பாலீர்ப்பாளராக இருந்தாக வேண்டுமா? வேண்டியதில்லை. டாரடேல் விசாரணை வெற்றி பெற்றதற்கு, மற்றவர் கேட்காததைக் காதுகொடுத்துக் கேட்டதே காரணம். 2003 முதல் 2010 வரை ஓடிய 'கோல்டு கேஸ்' தொலைக்காட்சித் தொடரில், 1968-இல் ஃபிலடெல்ஃபியாவில் கொல்லப்பட்ட ஒரு காவலரின் வழக்கைப் பெண் அதிகாரி ஒருவரின் குழுதான் துலக்குகிறது. ஆனால் இறந்தவரின் காதலரான சக காவலர் முதுமையில் வாய் திறக்கும்வரை அவர்களுக்கு அந்த இரவின் முழு உண்மை கிட்டுவதில்லை. காதலை அறிந்த ஒருவர் கதைக்குள் எங்கோ இருந்தாக வேண்டும் என்பதே விஷயம். அவர் சாட்சியாகவும் இருக்கலாம், துப்பறிபவராகவும் இருக்கலாம். அடையாளம் தானாகவே அறிவைத் தந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஜேக்கைப் போல மறைந்து வாழும் அதிகாரி, தெரிந்தும் பார்க்க மறுப்பவராக மாறுவதற்கு வாய்ப்பு அதிகம். அந்த அச்சத்தைத் தாண்டினால்தான் அவருக்குத் துப்பு தெரியும். தாண்டவைப்பது காதல். இதைவிட இறுக்கமான கதைமுடிச்சு துப்பறியும் இலக்கியத்தில் அதிகம் இல்லை.

இவற்றை எழுதுவோரும் படிப்போரும் பெரும்பாலும் பெண்களே, ஆகவே இவை போலி என்று மூன்றாவதாகச் சொல்கிறார்கள். பல ஆண்டுகள் ஆணென்றே பலர் எண்ணிய லேனியனும் ஒரு பெண் என்பது 2015-இல் வெளிப்படையானது. அகதா கிறிஸ்டி ஓய்வுபெற்ற பெல்ஜியக் காவலர் இல்லை. அதற்காக அவர் படைத்த அப்படிப்பட்ட துப்பறிவாளர் போய்ரோவைப் போலி என்று யாரும் ஒதுக்கவில்லை. யார் எழுதினார் என்பது நியாயமான கேள்விதான். அதற்கான பதில் எழுத்தாளரின் பிறப்புச் சான்றிதழில் கிடைக்காது, பக்கத்தில்தான் கிடைக்கும். அந்த வாழ்க்கையின் அச்சத்தையும் இடங்களையும் சட்டத்தையும் விசாரித்து அறிந்து எழுதியிருந்தால் நிற்கும். இரண்டு அழகான ஆண்களை அட்டையில் நிறுத்தியதோடு முடிந்துவிட்டால் விழும். அப்படி விழும் நூல்கள் ஏராளம் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. எல்லா வணிக வகைகளையும் போல இதிலும் பதர் அதிகம். கொலை வெறும் சாக்காக, பழைய கோப்பு வெறும் அலங்காரமாக நிற்கும் கதைகள் மலிந்திருக்கின்றன. மணியையும் பதரையும் பிரிக்க நான் முன்வைக்கும் சோதனை எளியது. காதலை எடுத்துவிட்டுக் கதையைப் படியுங்கள். வழக்கு அப்படியே துலங்கினால் அந்த நூலில் காதல் ஒட்டுவேலை. விமர்சகர் சொல்வது அங்கே சரி. வழக்கு துலங்க மறுத்தால் அங்கே காதல்தான் புலனாய்வு. வகை முழுவதையும் ஒரே வாளால் வெட்டுபவர்கள் இந்தச் சோதனையைச் செய்து பார்க்காதவர்கள்.

இது எங்கோ மேற்கில் நடக்கும் விவகாரம், நமக்கென்ன என்பவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பைப் படிக்க வேண்டும். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இ.பி.கோ. 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து வயதுவந்தோரின் மனமொத்த உறவை விடுவித்தது. அதற்குப் பிறகு மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஒன்றாக வாழ்வதற்காக வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் புகார் கொடுக்க, காவல் நிலையத்தில் 'காணவில்லை' என்று வழக்குகள் பதிவாயின. அவர்கள் காணாமல் போகவில்லை. எங்கே இருக்கிறார்கள், யாரோடு இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். கோப்புக்குத்தான் தெரியவில்லை. அந்த உறவை எழுத அதில் கட்டம் இல்லை. 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிப்பட்ட புகார்களில் சம்பந்தப்பட்டவர்கள் வயதுவந்தோர் என்றும் விருப்பத்தோடு சேர்ந்திருக்கிறார்கள் என்றும் தெரிந்தால் அவர்களைத் துன்புறுத்தாமல் வழக்கை முடிக்க வேண்டும் என்று காவல் துறைக்கு உத்தரவிட்டார். இங்கே கொலை இல்லை, நல்லவேளையாக. ஆனால் சிட்னியிலும் டொரோண்டோவிலும் கண்ட அதே கோளாறு நம் காவல் நிலையத்து ஏட்டிலும் இருக்கிறது: உறவைப் படிக்கத் தெரியாத கோப்பு, நடந்ததைத் தவறாக எழுதிவிடுகிறது.

ஆகவே துப்பறியும் கதையில் காதல் கூடாது என்ற விதியை, குறைந்தபட்சம் இந்த வகையைப் பொறுத்தவரை, தூக்கி எறிந்துவிடலாம். அது கலையின் தூய்மையைக் காக்கவில்லை. கோப்பில் விடுபட்டதையே கதையிலும் விடச் சொல்கிறது. சங்கர்லாலையும் விவேக்கையும் பரத்தையும் படித்து வளர்ந்த தமிழுக்கு இத்தகைய கதையை எழுதும் பயிற்சி இருக்கிறது, எழுத வேண்டிய பொருளும் இருக்கிறது. எழுத முன்வருபவர்கள் கொலைகாரன் யார் என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். செத்தவனை யார் நேசித்தார்கள், அவர்களை ஏன் யாருமே விசாரிக்கவில்லை என்ற கேள்வியையும் முதல் அத்தியாயத்திலேயே கேளுங்கள். மிச்ச வழக்கு அதிலிருந்துதான் துலங்கும்.